வரைந்தவர், சரிபார்த்தவர்

எங்கள் பாலிடெக்னிக்கில் ஒருவன் வரைந்த ஷீட்டை அவனே கொண்டுபோய் ஆசிரியரிடம் கொடுத்துவிட முடியாது. ஷீட்டின் வலதுபக்க அடிமூலையில் ஒரு கட்டம் போட வேண்டும். அதில் கல்லூரியின் பெயரும் படத்தின் தலைப்பும் அளவும் இருக்கும். அவற்றுக்குக் கீழே இரண்டு சின்னப் பெட்டிகள். ஒன்று வரைந்தவருக்கு, இன்னொன்று சரிபார்த்தவருக்கு. ஒருவர் வரைந்ததை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் கம்பெனியில் ஒரு போல்ட்டுகூடக் கடைய மாட்டார்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் நாங்களும் அப்படியே பழகினோம். வகுப்பில் வேறொருவனிடம் ஷீட்டைக் கொடுப்போம். அவன் சிவப்புப் பென்சிலால் தப்புகளைச் சுழிப்பான், நாங்கள் அழித்து எழுதுவோம், அவன் கையெழுத்துப் போடுவான். அதன் பிறகுதான் ஷீட் மேஜைக்குப் போகும்.

எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் போய் நின்றது ஒருவனிடம்தான். அவன் என் அறைத் தோழன், பாகலூர் பக்கத்துக்காரன். வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் கன்னடம், வகுப்பில் தமிழ் என்று வளர்ந்தவன், மூன்றிலும் வாய் ஓயாது. சிவப்புப் பென்சில் எப்போதும் அவன் காதில் இருக்கும். ஷீட்டை வாங்கியதும் தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். “ஏம்பா, உங்க ஊர்ல வட்டம்னா இப்படித்தான் கோழிமுட்டையாட்டம் இருக்குமா?” என்பான். கொடுத்தவனுக்கே சிரிப்பு வந்துவிடும். ஹாஸ்டலில் எந்த அறையில் சத்தம் அதிகமோ அந்த அறையில் அவனைத் தேடலாம். நான் கண்விழிக்கும்போதெல்லாம் அவன் ஏற்கெனவே விழித்துக்கொண்டு யாருடைய ஷீட்டையாவது திருத்திக்கொண்டிருப்பான். உழைப்பாளி என்று நினைத்துக்கொள்வேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. ஓசூரைச் சுற்றி வண்டி செய்கிற கம்பெனிகளும் வண்டிக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனிகளும் வந்து இறங்கியிருந்தன. விடிந்தால் கம்பெனி பஸ்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். மதுரைக்காரர், திருநெல்வேலிக்காரர், தஞ்சாவூர்க்காரர் எல்லோரும் ஒரே டீக்கடையில் ஆளுக்கொரு தமிழில் டீ சொல்வார்கள், கடைக்காரர் கன்னடத்தில் கணக்குச் சொல்வார். என் ஊர் கல்லாவி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தார்கள். டிப்ளமோ முடித்தால் கம்பெனி, கம்பெனி கிடைத்தால் யூனிஃபார்ம், யூனிஃபார்ம் போட்டவனுக்கு யார் வேண்டுமானாலும் பெண் கொடுப்பார்கள் என்பது வரை என் வீட்டில் எனக்காகத் திட்டம் போட்டு முடித்திருந்தார்கள்.

அந்த வருடம் நான் செத்துப்போக நினைத்துக்கொண்டிருந்தேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என்ன காரணம் என்று கேட்பார்கள். காரணம் இருந்திருந்தால் எனக்கே பாதி நிம்மதி கிடைத்திருக்கும். பாடங்களில் தேறிக்கொண்டிருந்தேன். காதல் தோல்வி இல்லை, தோற்பதற்கு முதலில் ஒரு காதல் வேண்டும். யாரும் என்னை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. முதலில் தூக்கம் போனது. பிறகு ருசி போனது, உப்புமாவும் சாம்பார் சாதமும் வாயில் ஒன்றாகவே இருந்தன. பிறகு பேச்சு போனது. கேட்டால் ம் என்பேன், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைப்பதற்கு ஒரு மூட்டையைத் தூக்கி இறக்கும் அளவுக்குப் பாடுபட வேண்டியிருந்தது. அப்புறம் ஒரு நாள், நான் இல்லாமல் போனால் இந்த மூட்டையும் இல்லாமல் போகும் என்ற எண்ணம் வந்தது. வந்தது போகவில்லை. என்னோடு வகுப்புக்கு வந்தது, மெஸ்ஸுக்கு வந்தது, பக்கத்திலேயே உட்கார்ந்தது.

ஒரு தடவை ஊருக்குப் போயிருந்தபோது அம்மா என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“ஏன்டா சாமி இப்படி எளச்சிப் போயிட்ட? ஆஸ்டல்ல சோறு போடறது இல்லையா?”

“போடறாங்கம்மா.”

“பின்ன ஏன் இப்படிக் கெடக்கற? எங்கனா பயந்துக்கினியா?”

பக்கத்து ஊரில் மந்திரிக்கிற ஒருவரிடம் கூட்டிப் போனாள். அவர் வேப்பிலையால் அடித்துக் கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். அம்மாவின் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. மகன் மெலிந்துபோனதைக் கண்டுகொண்டவள் அவள் ஒருத்திதான். அவளுக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி அதுதான்.

கல்லூரியில் இதற்கெல்லாம் என்ன சொல் இருந்தது? மெண்டல், லூசு, மறை கழண்டவன். இந்த மூன்றையும் விட்டால் வேறு சொல் எங்களிடம் கிடையாது. இவற்றில் ஒன்றை என் மேல் நானே ஒட்டிக்கொள்ள எனக்கு என்ன பைத்தியமா? அதனால் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் டிராயிங் ஹாலில் ஜன்னலோரமாக ஒரு மேஜை காலியாகவே இருந்தது. முந்தின வருடம் எங்களோடு படித்த ஒருவனுடையது. விடுமுறைக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. வயிற்றுவலி தாங்காமல் விஷம் குடித்துவிட்டான் என்று பேப்பரில் வந்திருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் தானாகச் செத்துப்போன அத்தனை பேருக்கும் பேப்பரில் வயிற்றுவலிதான் இருக்கும். அவன் எங்களோடு இருந்தவரை ஒரு நாளும் வயிறு வலிக்கிறது என்று சொன்னதில்லை, எங்கள் எல்லோரையும்விட இரண்டு பரோட்டா கூடவே தின்பான். இதை யாரும் யாரிடமும் பேசவில்லை. அந்த மேஜையில் உட்காரவும் இல்லை.

அந்த வருடம்தான் டிராயிங் பாடத்துக்கு ஒரு மேடம் புதிதாக வந்தார். திருச்சிப் பக்கத்துக்காரர். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்ததால் இங்கே வந்தவர். எங்களைவிடச் சில வயதுதான் மூத்தவராக இருப்பார். முதல் வாரமே பின்வரிசையில் ஒருவனைப் பார்த்து, “அங்க வெளிச்சம் பத்தாதே, அந்த ஜன்னல் டேபிளுக்குப் போயேன்,” என்றார். அவன் எழுந்து நின்றானே தவிர நகரவில்லை. ஏன் என்று கேட்டார். ஹாலே தரையைப் பார்த்தது. கடைசியில் யாரோ மெல்ல விஷயத்தைச் சொன்னார்கள். மேடம் கையிலிருந்த சாக்பீஸை மேஜையில் வைத்தார். “அந்தப் பையனப் பத்தி நீங்க யாரும் பேசிக்கவே இல்லையா?” என்று கேட்டார். அன்றைக்குப் பாடம் நடத்தாமல் போய்விட்டார்.

அடுத்த வாரம் வந்தவர் கையில் ஒரு கட்டு வெள்ளை ஷீட் இருந்தது.

“இது மார்க்குக்கு இல்ல. உங்களுக்கு செக்‌ஷன் வெட்டி வரையத் தெரியும். மெஷினோட வெளிப்பக்கம் பளபளன்னு இருக்கும், உள்ள என்ன ஆயிருக்குன்னு தெரியணும்னா நடுவுல வெட்டிக் காட்டணும், இல்லையா? இன்னைக்கு உங்களையே ஒரு மெஷினா நெனச்சு வெட்டி வரைங்க. பேர் போட வேண்டாம். வரைந்தவர்ங்கிற இடம் காலியா இருக்கட்டும். காலேஜ் எக்ஸிபிஷனுக்கு வராந்தாவுல மாட்டலாம்.”

இப்போதெல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி மனநலம் என்று பேனர் கட்டி ஓவியப் போட்டி வைக்கிறார்கள். பரிசும் சான்றிதழும்கூட உண்டு. போகட்டும், நல்லதுதான். எங்கள் மேடத்துக்கு அப்படி ஒரு விஷயம் உலகத்தில் இருப்பதே தெரிந்திருக்காது. அவர் ஓவிய ஆசிரியரும் இல்லை. கையில் கோடு போடுகிற டிராஃப்டரும் அழிரப்பரும் இருந்த கூட்டம் ஒன்று அவரிடம் சிக்கியது, அதற்குத் தெரிந்த பாஷையில் கேட்டுப் பார்த்தார்.

பையன்கள் முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார்கள். ஒருவன் பெட்ரோல் டேங்க் ஒன்றை வெட்டி வரைந்து, அடியில் ஒரு ஓட்டை போட்டு, ஓட்டைக்கு நேராக ஓசூரில் இருந்த ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டைக் குறித்திருந்தான். அங்கே படிக்கிற எந்தப் பெண்ணைப் பார்க்கப் பெட்ரோல் தீர்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவன் அடிபம்பு வரைந்தான். குழாய் ஷீட்டின் அடிவரை போனது, தண்ணீர் மட்டம் ஷீட்டுக்கு வெளியே இருப்பதாக அம்பு போட்டிருந்தான். ஒருவன் வொர்க்‌ஷாப்பில் இரும்பைக் கவ்வி இறுக்குகிற வைஸ் வரைந்திருந்தான். அதன் ஒரு தாடைக்கு அப்பா என்றும் மறு தாடைக்கு அண்ணன் என்றும் பேர் வைத்து, நடுவில் நசுங்குகிற துண்டுக்குப் பேர் வைக்காமல் விட்டிருந்தான். நேரம் போகப் போக ஹாலில் சிரிப்பு குறைந்து, பென்சில் சத்தம் மட்டும் கேட்டது.

நான் வரைந்தது ஒரு கியர்பாக்ஸ். அதில் ஷாஃப்ட் என்கிற சுழல்தண்டு, அதன் மேல் பல்சக்கரம். இரண்டையும் சேர்த்துப் பிணைப்பது விரல்நுனி அளவிலான ஓர் இரும்புத் துண்டு, அதைக் கீ என்போம். ஷாஃப்டிலும் சக்கரத்திலும் அதற்கென்று பள்ளம் வெட்டியிருக்கும். கீ அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் ஷாஃப்ட் சுற்றும்போது சக்கரமும் சேர்ந்து சுற்றும். என் படத்தில் எல்லாம் இருந்தது, மோட்டார்கூட இருந்தது. பள்ளத்தை மட்டும் வெறுமையாக விட்டேன். மோட்டார் ஓடும், ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், சக்கரம் அசையாது. வெளியிலிருந்து கேட்பவனுக்கு வண்டி நன்றாக ஓடுகிற சத்தம்தான் கேட்கும். வரைந்து முடித்தபோது எனக்கு வியர்த்திருந்தது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு ஒரு வேலையை முழுதாகச் செய்திருந்தேன்.

என் அறைத் தோழன் எதுவும் வரையவில்லை. “நமக்கு ஷீட் கிடையாது மேடம், நாம செக்கர்,” என்று கையை விரித்தான். மேடம் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

மறுநாள் காலை வராந்தாவில் கயிறு கட்டி ஷீட்களைத் துணி உலர்த்துகிற கிளிப்பால் மாட்டியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஷீட் எல்லாம் ஒரே சிவப்பு. யார் வேலை என்று கேட்க வேண்டியதில்லை. எங்களில் யாரும் கேட்டுக்கொள்ளாமலே அவன் அத்தனை ஷீட்டையும் சரிபார்த்து முடித்திருந்தான். பெயர் போட வேண்டாம் என்று மேடம் சொன்னது வரைந்தவனுக்குத்தானே, சரிபார்ப்பவனுக்கு இல்லையே. ஓட்டை டேங்க்குக்குப் பக்கத்தில், ‘ஓட்டையின் விட்டம் குறிக்கவில்லை’. அடிபம்புக்குப் பக்கத்தில், ‘ஆழம் எவ்வளவு?’. வைஸுக்குப் பக்கத்தில், ‘இறுக்குகிற கைப்பிடி காணோம். இறுக்குவது யார்?’. ஒருவன் மனசைத் திறந்து காட்டியிருக்கிறான், இவன் கோட்டின் தடிமன் சரியில்லை என்று சுழித்து வைத்திருக்கிறான். ஊரில் யாராவது இப்படிச் செய்வார்களா? நாங்கள் செய்வோம். எங்களுக்கு ஷீட் என்றால் திருத்துவது, அவ்வளவுதான்.

என் ஷீட் கடைசியில் இருந்தது. வெறும் பள்ளத்தைச் சுற்றி அழுத்தமான சிவப்பு வட்டம். வேறு எந்த ஷீட்டிலும் பென்சிலை அவ்வளவு அழுத்தவில்லை. பக்கத்தில், ‘கீ எங்கே? கீ போட மறந்துவிட்டாய். இது தப்பு.’

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஹாஸ்டலில் ஒருவன் என் சோப்பை எடுத்தால்கூட ஏன் என்று கேட்கத் தெம்பில்லாமல் கிடந்தவன் நான். வராந்தாவின் அந்தக் கோடியில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவனிடம், ஷீட்டைக் கயிற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனேன்.

“யாருடா தப்புன்னு எழுதச் சொன்னது?”

அவன் சிரிப்பு நின்றது. நான் பேசியதிலேயே அவன் மிரண்டிருக்க வேண்டும். “இது உன் ஷீட்டுன்னு தெரியும்டா. உன் அம்புக்குறியத் தெரியாதா எனக்கு? கீ போடல, அதான் எழுதனேன்.”

“மறந்துட்டன்னு எழுதியிருக்க. நான் மறக்கல. கீ இல்ல. இல்லாததத்தான் வரைஞ்சிருக்கேன்.”

“கீ இல்லாம கியர் சுத்தாது.”

“சுத்தலதான். சுத்தலன்னுதான சொல்றேன். மோட்டார் மட்டும் ஓடுது. ராத்திரி பகலா ஓடுது. என்னால நிறுத்தவும் முடியல, எங்கயும் போகவும் முடியல. இதுல எதுடா தப்பு? எதத் திருத்தணும், சொல்லு.”

சத்தம் போட்டுவிட்டேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மெண்டல் என்று யாராவது சொல்லிச் சிரிக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். அவன் என் கையிலிருந்த ஷீட்டை வாங்கி மறுபடி பார்த்தான். வழக்கமாக ஒரு கண்ணை மூடிப் பார்ப்பவன் இரண்டு கண்ணாலும் பார்த்தான்.

“சரி. கீ எப்ப விழுந்துச்சு?” என்று கேட்டான்.

கேலியாகக் கேட்கவில்லை. ரிப்பேருக்கு வந்த மெஷினைப் பற்றிக் கேட்கிற மாதிரிதான் கேட்டான். என்ன ஆச்சு உனக்கு என்று கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றிருப்பேன். இதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது.

“ஆடி மாசத்துல.”

“அப்பருந்து தூக்கம் இல்லியா?”

“இல்ல.”

பக்கத்தில் நின்றவர்களில் ஒருவன், வைஸ் வரைந்தவன், தன் ஷீட்டைக் காட்டி, “இறுக்கறது யாருன்னு கேட்டிருக்க. எங்க மாமா. அவருதான் ஃபீஸ் கட்றாரு,” என்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை, தானாகவே சொன்னான். அடிபம்புக்காரன் ஆழம் எவ்வளவு என்பதற்குச் சிவப்புக்குப் பக்கத்திலேயே பென்சிலால் ‘தெரியவில்லை’ என்று எழுதினான். அதற்குக் கீழே வேறு யாரோ, ‘எனக்கும்’ என்று எழுதினார்கள். அன்று மத்தியானத்துக்குள் வேறு வகுப்புக்காரர்களும் பென்சிலோடு வந்துவிட்டார்கள். என் கியர்பாக்ஸில் ஒருவன் எண்ணெய் விடுவதற்கு ஒரு துளை வரைந்து கொடுத்திருந்தான். இன்னொருவன் அந்தத் துளை தப்பான இடத்தில் இருக்கிறது என்று அம்பு போட்டு நகர்த்தியிருந்தான். ஜன்னலோர மேஜைக்காரனைப் பற்றியும் அன்றுதான் முதல்முறையாகப் பேசினோம். அவன் கடைசியாக ஊருக்குப் போகும்போது தன் டிராஃப்டரை ஒருவனுக்கு இனாமாகக் கொடுத்துவிட்டுப் போனானாம். வாங்கியவன் அதை அத்தனை நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்து, வராந்தாவில் உட்கார்ந்து அழுதான். அவன் அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. அழ முடிகிறதே என்று ஆச்சரியமாக இருந்தது.

பிரின்ஸிபாலுக்கு விஷயம் போய்விட்டது. கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வருகிற நேரம் அது. வந்து பார்த்தவர், “என்னம்மா இது, காலேஜா ஆஸ்பத்திரியா? கம்பெனிக்காரன் பாத்தா எங்க பசங்களுக்கு எவன் வேலை குடுப்பான்?” என்று மேடத்தைக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்கு வேலை வாங்கித் தருவதற்காகக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியவர். மேடம், “டிராயிங்லாம் முறைப்படி இருக்கு சார். எல்லா ஷீட்டும் செக் பண்ணியாச்சு,” என்றார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பிரின்ஸிபாலுக்கும்தான். கடைசியில் ஷீட்களைக் கழற்றி ஹாஸ்டல் மெஸ்ஸில் மாட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார். அது எங்களுக்கு இன்னும் நல்லதாகப் போயிற்று. சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். அவனும் பின்னாலேயே வந்தான். துணியை மடிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

“செத்துப்போயிடலாம்னு தோணுதா?”

அந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிட மாட்டார்களா என்று நான் ஏங்கியிருந்தது, கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆமாம் என்றேன். அவன் பதறவில்லை, புத்தி சொல்லவில்லை, அப்பா அம்மாவை நினைத்துப் பார் என்று ஆரம்பிக்கவில்லை. என் சட்டையை மடித்து என் கையிலேயே கொடுத்தான்.

“பெங்களூர்ல இதுக்குன்னு பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. நம்ம ஓசூர் ரோட்டு மேலயேதான். காலைல சீக்கிரம் போயி சீட்டு வாங்கணும். லேட்டானா சீட்டு குடுக்கறது நின்னுடும். நாளைக்கு நாம போலாம்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும்பா. சொந்தக்காரங்க ஒருத்தங்க போயிருக்காங்க.”

“யாராவது பாத்துட்டா?”

“பாத்தா பாக்கட்டும். நான் கூட வரேன் இல்ல?”

அன்றைக்கும் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் விடியட்டும் என்று இருந்தது. விடியவே வேண்டாம் என்று இருந்த எனக்கு அது பெரிய மாற்றம்.

காலையில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ் பிடித்தோம். கம்பெனிக்குப் போகிறவர்கள், பூக்கூடைக்காரிகள், ரோஜாக் கட்டோடு சிட்டி மார்க்கெட் போகிறவர்கள் என்று பஸ் நிறைந்திருந்தது. அத்திப்பள்ளி செக்போஸ்டில் வண்டி நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்று யோசித்தேன். அவன் அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வந்தான். எனக்குத் துணையாக வருவதால் அடக்கமாக இருக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஸ்டாப் வந்ததும் கண்டக்டர் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லிக் கூவினார். அந்த ஸ்டாப்பில் யார் இறங்குகிறார்கள் என்று பஸ்ஸே பார்க்கும், எனக்குத் தெரியும், நானும் பார்த்திருக்கிறேன். கால் எழவில்லை. அவன் என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினான்.

உள்ளே நீளமான வரிசை இருந்தது. எங்களைப் போலவே நாலு ஊர் தள்ளி வந்தவர்கள், வேட்டிக்காரர், கர்ப்பிணி, யூனிஃபார்மோடு நேராக ஷிப்டிலிருந்து வந்த ஒரு கம்பெனிக்காரர். மெண்டல் என்று சொன்னால் என்ன முகம் நினைவுக்கு வருமோ அந்த முகம் அங்கே யாருக்கும் இல்லை. எல்லோரும் ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரி சலித்துப்போய் நின்றார்கள். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமல், “யாரிகே தோரிஸ்பேக்கு?” என்று கேட்டார். யாருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்கிறார். கடைவீதிக் கன்னடம் எனக்கும் தெரியும்.

“எனக்குத்தான்,” என்றேன். பெயர், வயது, ஊர் கேட்டு எழுதி, சீட்டைக் கிழித்து நீட்டினார். வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். அவன் நகரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் நின்றவர் இடித்தும் அசையவில்லை. பிறகு, என்னைப் பார்க்காமல், தணிந்த குரலில் கன்னடத்தில் சொன்னான்.

“இன்னொந்து சீட்டி கொடி சார். நனகூ தோரிஸ்பேக்கு.”

இன்னொரு சீட்டு கொடுங்கள், எனக்கும் காட்ட வேண்டும். குமாஸ்தாவுக்கு அதில் ஒன்றும் வியப்பில்லை. பெயர், வயது, ஊர் என்று அதே வரிசையில் கேட்டார்.

அவன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இதுக்கு முன்னாடி இந்த கேட்டு வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போயிருக்கேன்டா,” என்றான். “உன் ஷீட்டப் பாத்ததும் எனக்குப் பயங்கரக் கோவம். என்னோடத நீ வரைஞ்சி மாட்டிட்டன்னு நெனச்சேன்.”